வீட்டு ஹைஃபையை இளையவர்கள் எடுத்துக்கொள்வார்களா?

கல்முனையைச் சேர்ந்த நண்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய வாப்பா எண்பதுகளில் சவூதியில் வேலை செய்துவிட்டுத் திரும்பியபோது கொண்டு வந்த ஸ்டீரியோ செட் இன்றும் வீட்டு மண்டபத்தில் இருக்கிறது. பதினேழு வயது மகன் காதில் இயர்பட்ஸை மாட்டிக்கொண்டு அதைத் திரும்பியும் பாராமல் போகிறான். வீட்டில் நல்ல ஒலிச்சாதனங்களை அமைத்துப் பொறுமையாக உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் இந்த ஈடுபாடு எங்கள் தலைமுறையோடு முடிந்துவிடுமா, பிள்ளைகளிடம் இதைக் கொடுக்க வழி உண்டா என்பது அவருடைய கவலை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல ஒலி மீதான ஆசை இளையவர்களிடம் குறைந்துவிடவில்லை. விலை உயர்ந்த பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி அடுக்கும் பழக்கம் எங்கள் பகுதியில் நிலைக்காது. அது நிலைக்க வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை. ஆபத்தில் இருப்பவை, அறைக்குள் ஒலிக்கும் ஸ்பீக்கரும் அதை வீட்டார் சேர்ந்திருந்து கேட்கும் வழக்கமுமே. பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டியவையும் அவைதான்.

இளையவர்கள் மோசமான ஒலிக்குப் பழகிவிட்டார்கள் என்று எங்கள் வயதினர் அடிக்கடி சொல்கிறோம். எங்கள் இளமையில் நாங்கள் எதைக் கேட்டோம் என்று நினைத்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. ரெக்கோடிங் பாரில் பாட்டுகளின் பட்டியலை எழுதிக் கொடுத்து, அறுபது அல்லது தொண்ணூறு நிமிடக் கசெற்றில் பதிந்து வாங்கினோம். அதிலிருந்து நண்பர்கள் இன்னொரு பிரதி எடுத்தார்கள். ஒவ்வொரு பிரதியிலும் நாடாவின் இரைச்சல் கூடியது, கீச்சொலிகள் மங்கின. யுத்த காலத்தில் மின்சாரம் இல்லாத இடங்களில் பற்றரி தளர்ந்து, நாடா மெதுவாகி, பாடகரின் குரல் தடித்துப் போகும் வரை கேட்டவர்கள் உண்டு. பிலிப்ஸும் சோனியும் 1982இல் சந்தைக்குக் கொண்டு வந்த சிடி, 16 பிட் ஆழமும் விநாடிக்கு 44,100 மாதிரிகளும் கொண்டது. மனிதக் காதுக்குக் கேட்கும் எல்லை முழுவதையும் அது தாங்கும். அந்தத் தரத்தை இன்று ஒரு மாணவனின் ஃபோனும், அதில் இயர்ஃபோனை இணைப்பதற்காகச் சொருகும் விரல் நீள டொங்கிளும் தருகின்றன. ஸ்பொட்டிஃபை 2021இல் இலங்கைக்கு வந்தது. அதே ஆண்டில் ஆப்பிள் மியூசிக் கூடுதல் கட்டணம் இல்லாமல் இழப்பற்ற தரத்தை, அதாவது பதிவில் எதையும் வெட்டிக் குறைக்காத ஒலியை, கொடுக்கத் தொடங்கியது. பெரும்பாலான பிள்ளைகள் யூடியூப்பில்தான் கேட்கிறார்கள் என்றாலும், நல்ல பிரதியில் இருந்து ஏற்றிய பாட்டாக இருந்தால் அதுவும் எங்கள் கசெற்றை விட எவ்வளவோ மேல்.

காது உள்ளவர்கள் எந்த வயதிலும் நல்லதைத் தெரிந்தெடுக்கிறார்கள் என்பதற்கு ஓர் ஆய்வு துணை நிற்கிறது. ஷோன் ஒலிவ் என்ற ஒலியியல் ஆய்வாளர் லொஸ் ஏஞ்சல்ஸில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பதினெட்டுப் பேருக்கு, எது எதுவென்று சொல்லாமல், சுருக்கித் தரம் குறைத்த 128 கிலோபிட் எம்பி3 பதிவையும் சிடி தரப் பதிவையும் மாறி மாறிக் கேட்கக் கொடுத்தார். மூன்றில் இரண்டு பங்குத் தடவைகளில் சிடி தரமே தெரிவு செய்யப்பட்டது. ஸ்பீக்கர்களை ஒப்பிட்டபோதும் அளவீட்டில் நேர்த்தியாக இருந்ததையே அவர்கள் விரும்பினார்கள். பதினெட்டுப் பேர் என்பது சிறிய தொகை. ஆய்வாளரும் ஸ்பீக்கர் செய்யும் நிறுவனமொன்றில் பணியாற்றியவர். ஆகவே இதன்மேல் பெரிய கோட்டை கட்ட மாட்டேன். ஆனால் இளையவர்களுக்கு ரசனை இல்லை என்ற பேச்சுக்கு எங்களிடம் இந்த அளவுக்குக்கூட ஆதாரம் இல்லை.

அமெரிக்காவில் இசைத்தட்டு திரும்பி வந்திருப்பதை வைத்து நம்பிக்கை கொள்பவர்களும் இருக்கிறார்கள். 1987க்குப் பிறகு முதல் தடவையாக 2022இல் அங்கே சிடியை விட இசைத்தட்டுகள் அதிகமாக விற்றன என்பது உண்மை. அவற்றை வாங்குபவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேரிடம் அதைச் சுழற்றும் கருவியே இல்லை என்று அங்குள்ள கணக்கெடுப்பு ஒன்று கண்டது. எப்படியிருந்தாலும் அது எங்களுக்கான பாதை அல்ல. தட்டும் முள்ளும் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊர்களில் வெக்கையால் தட்டு வளையும், உப்புக்காற்றால் இணைப்புகள் பச்சை பிடிக்கும்.

எங்களுக்கான பாதை ஸ்பீக்கரில்தான் தொடங்குகிறது. இயர்பட்ஸ் நல்ல கருவி என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஸ்டீரியோ பாட்டுகள் பெரும்பாலும் இரண்டு ஸ்பீக்கர்களுக்கு முன்னால் இருந்து கேட்பதற்கென்றே கலக்கப்பட்டவை. இடப்பக்க ஸ்பீக்கரின் ஒலி வலக்காதுக்கும் சற்றுத் தாமதித்து வந்து சேரும்; அந்தக் கலப்பில்தான் பாடகர் நமக்கு முன்னால், இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில், எதுவுமே இல்லாத இடத்தில் நின்று பாடுவதாகத் தோன்றுகிறது. காதுக்குள் சொருகிய கருவியில் அவர் தலைக்குள் வந்துவிடுகிறார். ஆரம்பகால ஸ்டீரியோப் பதிவுகளில் வயலின்கள் முழுவதும் ஒரு காதிலும் தாளக்கருவிகள் முழுவதும் மறு காதிலுமாகப் பிரிந்து கேட்பது அதனால்தான். பேஸ் கிற்றாரின் அடிச்சுரத்தை நெஞ்சால் உணர்வதும் அறையில் மட்டுமே நடக்கும். அனுபவமே இல்லாத ஒன்றைப் பிள்ளை விரும்பவில்லை என்று குறைப்படுவதில் நியாயம் இல்லை. சரியாக வைக்கப்பட்ட இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவில் ஒரு நாள்கூட இருந்திராத இளையவர்கள் எங்கள் ஊர்களில் ஏராளம். எங்கள் வீடுகளிலேயே இரண்டு பெட்டிகளில் ஒன்று அலுமாரி மேலும் மற்றது கதவு மூலையிலும் இருந்ததை நாங்கள் மறந்துவிடக் கூடாது.

சரியாக வைப்பது என்றால் என்ன என்பதைச் சொல்கிறேன். இரண்டு ஸ்பீக்கர்களும் நீங்களும் சமபக்க முக்கோணத்தின் மூன்று மூலைகளில் இருக்க வேண்டும்; கீச்சொலி தரும் ட்வீற்றர் உங்கள் காது மட்டத்தில் இருக்க வேண்டும்; பெட்டிகள் பின்சுவரில் ஒட்டாமல் ஒன்றிரண்டு அடியாவது முன்னுக்கு வர வேண்டும். சுவர் மூலையில் வைத்தால் பேஸ் பெருகும், ஆனால் ஒரே சுரமாகக் குமுறும். அதற்குக் காரணம் அறையின் நீளம். எங்கள் வெக்கையில், 30 பாகை செல்சியஸில், ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 349 மீற்றர் வேகத்தில் போகிறது. பன்னிரண்டு அடி நீளமான அறையில் இரண்டு சுவர்களுக்கும் இடையில் ஏறத்தாழ 48 ஹேர்ட்ஸில் ஒரு நிலையலை, அதாவது சுவர்களுக்கு இடையில் போய்வந்து ஒரே சுரத்தைப் பெருக்கும் அலை, உருவாகும். பேஸ் கிற்றாரின் அடிக்கம்பி 41 ஹேர்ட்ஸ் என்பதால், அந்த அலை பாட்டின் அடித்தளத்துக்குள்ளேயே வந்து விழுகிறது. அறை பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று சதுரமாக இருந்தால் இரண்டு திசைகளின் அலைகளும் ஒரே இடத்தில் கூடிக் குமுறல் மேலும் கெடும்.

இந்த விடயத்தில் எங்கள் வீடுகளுக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஹார்வர்டில் இருந்துகொண்டு கட்டட ஒலியியலுக்கு அடித்தளம் இட்ட வொலஸ் சபீன், ஒலி உறிஞ்சலை அளப்பதற்குத் தெரிந்தெடுத்த அலகு திறந்த ஜன்னல். வெளியே போன ஒலி திரும்பி வராது என்பதால் அதுவே முழுமையான உறிஞ்சி. எங்கள் மண்டபங்களில் ஜன்னல்களும் கதவுகளும் பகல் முழுவதும் திறந்தே கிடக்கின்றன. பல வீடுகளில் சீலிங் இல்லாத ஓட்டுக்கூரை சரிவாக இருப்பதால் தரைக்கும் கூரைக்கும் இடையே நிலையலை எழும்புவதும் குறைவு. அடைத்துப் பூட்டிய குளிரூட்டிய அறைகளில் வரும் பேஸ் குமுறல் இங்கே பெரும்பாலும் கேட்பதில்லை. எங்களுடைய தொல்லை சிமெந்துத் தரையும் பூசிய சுவரும் திருப்பி அனுப்பும் கீச்சொலிதான். கை தட்டிப் பார்த்தால் அது 'ட்ரிங்' என்று பேசும். ஸ்பீக்கர்களுக்கும் இருக்கைக்கும் நடுவில் இரண்டு பன்பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, பக்கச் சுவருக்கு மருதமுனைக் கைத்தறியில் தடித்த திரைச்சீலை ஒன்றை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டால் குரல் உடனே தெளியும். பாயும் சீலையும் பேஸைத் தொடாது, ஏனென்றால் 50 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏழு மீற்றர். அதற்குப் பெட்டியையும் இருக்கையையும் இடம் மாற்றிப் பார்ப்பதே வழி. இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை மூலையில் நிறுத்தினால், அதுவும் ஓரளவுக்கு, நடு பேஸில் உதவும். இவை எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. ஒரு பின்னேரமும் பொறுமையும் போதும்.

பணத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். 2020இல் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளும், 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் இருநூறு ரூபாயில் இருந்து முந்நூற்று அறுபதுக்கு மேல் போனதும், வெளிநாட்டுப் பெட்டிகளைக் கனவு காண்பதையே பலருக்கு நிறுத்திவிட்டன. அந்த ஆண்டு மார்ச் முடிவில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. ஆனால் அதே காலத்தில் அம்பிளிபயர் மிகவும் மலிந்துவிட்டது என்பதை எங்கள் வயதினர் பலர் கவனிக்கவில்லை. டி வகுப்பு எனப்படும் முறையில் இயங்கும் டிபிஏ 3116 போன்ற ஒற்றை ஐசி, எடுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கை ஸ்பீக்கருக்குக் கொடுத்து மிகக் கொஞ்சத்தையே வெப்பமாக வீணாக்குகிறது. உள்ளங்கை அளவான அந்தப் பலகையை 12 வோல்ற் பற்றரியில் அல்லது சூரியப் படலத்தோடு சேர்ந்த பற்றரியில் ஓட விட்டாலும் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழப் பத்து வாற் கிடைக்கும்.

பத்து வாற் போதுமா என்று கேட்பீர்கள். தொண்ணூறுகளில் கடைகளில் இருந்த செட்டுகளின் முகப்பில் ஆயிரக்கணக்கான வாற் பிஎம்பிஓ (கணநேர உச்ச சக்தி) என்று ஒட்டப்பட்டிருந்த எண்கள் எங்கள் கணக்கைக் கெடுத்துவிட்டன. உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபோமரைத் தூக்கிப் பார்த்தாலே அந்த எண்ணில் பொருள் இல்லை என்பது விளங்கும். ஒரு வாற் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் 87 டெசிபல் தரும் சாதாரண ஸ்பீக்கர்கள் இரண்டு, மண்டபத்தில் எட்டு அல்லது ஒன்பது அடி தள்ளி இருப்பவருக்கு அந்த ஒரு வாற்றிலேயே ஏறத்தாழ 80 டெசிபலைக் கொடுக்கும். அது வீட்டுக்குப் போதுமான சத்தம். பத்து வாற் ஆக்கினால் பத்து டெசிபல் கூடும். காதுக்கு அது இரண்டு மடங்கு உரப்பாகத் தோன்றும்.

ஆகவே செலவும் கவனமும் போக வேண்டிய இடம் ஸ்பீக்கர்தான். அதைச் செய்யும் கைகள் எங்கள் ஊரிலேயே இருக்கின்றன. கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் சவுண்ட் சேர்விஸ் போடும் இளைஞர்களை ஹைஃபை ரசிகர்கள் தங்கள் ஆட்களாகக் கணக்கெடுப்பதில்லை. நான் அவர்களிடம்தான் இந்தப் பொழுதுபோக்கின் நாளையைக் காண்கிறேன். பதினைந்து அங்குல பேஸ் பெட்டியை எந்த அளவில் வெட்ட வேண்டும், குரலையும் பேஸையும் எந்த அலைவரிசையில் பிரித்து வெவ்வேறு ஸ்பீக்கருக்கு அனுப்ப வேண்டும், எந்த அலைவரிசையைக் குறைத்தால் மைக் கூவாது என்பவற்றை அவர்கள் புத்தகம் படிக்காமலே அறிந்திருக்கிறார்கள். முச்சக்கர வண்டியின் பின்சீற்றுக்குக் கீழே பேஸ் பெட்டி பொருத்தியவனும் ஒலியில் பித்துக் கொண்டவனே. அவனுடைய பெட்டி ஒரே சுரத்தில் இடிப்பது கணக்குப் பார்க்காமல் செய்ததால். நெவில் தீல், ரிச்சர்ட் சிமோல் ஆகிய இருவர் அவுஸ்திரேலியாவில் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வகுத்த முறைப்படி, ஸ்பீக்கரின் சில அளவைகளைக் கொடுத்தால் அதற்கேற்ற பெட்டியின் கனவளவையும் காற்றுத் துவாரத்தின் நீளத்தையும் இலவச மென்பொருள் கணக்கிட்டுத் தரும். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பாடத்துறை 2013இல் தொடங்கியதில் இருந்து இந்த வகைக் கணக்கைச் செய்யக்கூடிய பிள்ளைகள் பட்டிருப்பில் இருந்து பொத்துவில் வரை இருக்கிறார்கள். வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களில் இருவர், ஒரு சவுண்ட் சேர்விஸ்காரர், ஒரு தச்சர் என்று நான்கு பேர் சேர்ந்தால், பேஸ் முதல் கீச்சொலி வரை தனியாகவே தரும் நான்கு அங்குல முழுவீச்சு ஸ்பீக்கரைப் பெட்டிக்கு ஒன்றாக வைத்து, கடையில் கிடைக்கும் பல பெட்டிகளை வெல்லும் ஒரு சோடியைச் செய்து முடிக்கலாம். மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையை மாரி ஈரம் ஊத வைத்துவிடும் என்பதால், வெட்டு விளிம்புகளை நன்றாக மூடிப் பூச வேண்டும், அல்லது ஈரம் தாங்கும் பிளைவூட் எடுக்க வேண்டும்.

நண்பரின் வாப்பா கொண்டு வந்த செட்டை இந்த வேலைக்கு முதற்பாடமாக வைக்கலாம். சவூதியில் அந்த நாட்களில் 127 வோல்ற் மின்சாரமும் இருந்ததால், அங்கிருந்து வந்த செட்டுகளின் பின்புறத்தில் பெரும்பாலும் வோல்ற் மாற்றும் சாவி இருக்கும். அது 220 அல்லது 240இல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமால் ஆனது என்றால், தொட்டவுடன் பொடியாகி உதிரலாம். வளையத்தை மட்டும் மாற்றி ஒட்டலாம். முழு ஸ்பீக்கரையும் எறிந்துவிட வேண்டாம். இறப்பர் வளையம் என்றால் அநேகமாக இன்னும் நன்றாக இருக்கும். மின்பகு கப்பாசிட்டர்கள் பத்துப் பாகை வெப்பம் கூடினால் ஆயுளில் பாதியை இழக்கின்றன என்பது பொதுவான கணக்கு. எங்கள் வெக்கையில் நாற்பது வருடம் கிடந்தவற்றை மாற்றுவதே நல்லது. மின்சாரத்தைக் கழற்றிய பிறகும் பெரிய கப்பாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால், மகனை ஒரு திருத்துநருக்குப் பக்கத்தில் இருந்து பழக விடுங்கள். ஃபோனை இணைக்கும்போது பின்னால் ஆக்ஸ் என்று எழுதிய துளைகளில் இணைக்க வேண்டும். ஃபோனோ என்று எழுதிய துளைகள் இசைத்தட்டு முள்ளின் மிகச் சிறிய மின்குறிக்காக அமைக்கப்பட்டவை. அதில் ஃபோனைக் கொடுத்தால் ஒலி சிதறிக் கேட்கும், செட் பழுது என்று நினைத்துவிடுவீர்கள்.

இளையவர்களை விரட்டுவது எது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலாவது, ஆதாரமில்லாத பேச்சு. வயருக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்தால்தான் ஒலி திறக்கும் என்று மூத்த ரசிகர் சொல்லும்போது, பௌதிகவியல் படிக்கும் பிள்ளை அந்த இடத்திலேயே நம்பிக்கையை இழந்துவிடுகிறது, அதுவும் சரியான காரணத்தோடு. வீட்டு வயரிங்கிற்குப் போடும் 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியில் ஐந்து மீற்றர் போய்த் திரும்பி வந்தாலும் தடை ஏறத்தாழ 0.07 ஓம்தான், எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அளந்து காட்டக்கூடியதை அளந்து காட்டுங்கள், மற்றதைக் கண்ணை மூடி மாற்றிக் கேட்டு முடிவு செய்யுங்கள். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்துபோன யாழ்களின் சுரங்களைக் கணிதத்தால் ஆராய்ந்து யாழ் நூலாக 1947இல் தந்தவர். அறிவியலைப் பயின்றவரின் காதும் கணக்கும் சேர்ந்து செய்த வேலை அது. அவர் பிறந்த மண்ணில் ஒலியைப் பற்றி ஆதாரமில்லாமல் பேசுவது எங்களுக்கு அழகல்ல.

இரண்டாவது, இந்தப் பொழுதுபோக்கை ஆண்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்டது. செட்டைத் தொட வாப்பாவுக்கோ அப்பாவுக்கோ அண்ணனுக்கோ மட்டுமே உரிமை இருந்தது. அடுப்படியில் இருந்து அதே பாட்டைக் கேட்டு வரிகளையும் இடையிசையையும் மனதில் வைத்திருந்தவர்கள் அம்மாமாரும் உம்மாமாரும் அக்காமாரும். நடுவில் ஒருவருக்கு மட்டும் இடம் விட்டு ஒற்றை நாற்காலி போட்டதும் அந்த மனப்பான்மையின் விளைவே. மூன்று பேர் இருக்கும் வாங்கில் நடுவில் இருப்பவருக்குக் கிடைக்கும் தெளிவு ஓரத்தில் இருப்பவருக்குச் சற்றுக் குறையும் என்பது உண்மைதான். ஸ்பீக்கர்களை உட்பக்கம் திருப்பி வைத்தால் அந்தக் குறை ஓரளவு குறையும்.

மூன்றாவது, ஒப்பிடுவதற்கு உண்மையான ஒலியைப் பிள்ளைகளுக்குக் காட்டாதது. நல்ல ஸ்பீக்கர் எது என்று தெரிய, ஒலிபெருக்கி இல்லாத வாத்தியம் எப்படிப் பேசும் என்பது காதில் இருக்க வேண்டும். அந்த வாய்ப்பு மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருக்கும் அளவுக்குப் பெரிய நகரங்களில் இல்லை. வடமோடிக் கூத்தின் களரி ஓரத்தில் அண்ணாவியாரின் மத்தளத்தையும் சல்லரியையும் கேட்டவனுக்கு, தோலில் விரல் படும் கூர்மையும் அதன் பின் எழும் அடிநாதமும் இரண்டு வேறு ஒலிகள் என்பது தெரியும். பக்கீர் பாவாக்களின் றபான் என்னும் கைமேளத்தை அருகில் இருந்து கேட்டவனுக்கும் அப்படியே. மோசமான பெட்டி அந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடும். இப்போது களரியிலும் மைக் வந்துவிட்டதால் அந்த வாய்ப்பும் குறைந்து வருகிறது. ஒத்திகை நாட்களில் போனால் இன்னும் கேட்கலாம்.

சத்தத்தின் அளவைப் பற்றியும் பிள்ளைகளோடு பேச வேண்டும், ஏனென்றால் காது போன பிறகு ஹைஃபை இல்லை. 12 முதல் 35 வயது வரையான நூறு கோடிக்கு மேற்பட்டோர் அளவுக்கு மீறிய சத்தத்தால் செவித்திறனை இழக்கும் ஆபத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. அந்த நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபலை வாரத்தில் 40 மணி நேரம் கேட்கலாம். 90 ஆனால் நான்கு மணி நேரம். 100 ஆனால் இருபது நிமிடம். தெருச் சத்தத்துக்கு நடுவே, பஸ்ஸுக்குள், இயர்பட்ஸை உயர்த்தி உயர்த்தி வைக்கும் பிள்ளை அந்த எல்லையை அறியாமலே தாண்டிவிடும். வீட்டில் எட்டடி தூரத்தில் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்கள் அந்த அளவுக்குப் போக, வீட்டாரே முதலில் குரல் கொடுத்து நிறுத்திவிடுவார்கள். ஃபோனில் இலவசமாகக் கிடைக்கும் டெசிபல் மானி சற்றுப் பிழையாகக் காட்டினாலும் இந்த வித்தியாசத்தை விளங்க வைக்கப் போதும். சவுண்ட் சேர்விஸில் இரவு முழுவதும் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்கும் தம்பிமாருக்கு, பாமசியில் கிடைக்கும் ஃபோம் காதடைப்பை வேலைக்குப் போகும்போது கட்டாயம் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.